பேரி வகைகளும் பூஞ்சண நோய்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசையும் நாடகமும் இலக்கியமும் நிறைந்த விழா நிரலில், மரத்துக்கு வரும் நோயைப் பற்றிப் பேசவும் இடம் ஒதுக்கிய செயலாளரின் துணிவை முதற்கண் பாராட்டுகிறேன். நோய் என்னும் சொல் விழா மேடைக்குப் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நான் பேசப்போவது நம் குழந்தைகள் விரும்பி உண்ணும் ஒரு கனியைப் பற்றியது. அதனைப் பயிரிட்டு வாழும் குடும்பங்களின் பிழைப்பைப் பற்றியது. ஆதலின் சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டுகிறேன்.

ஊரில் இருந்த நாளில் பேரிக்காய் என்றால் கொடைக்கானல் மலையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் கூடைகளில் வந்திறங்கும் பண்டம் என்றுதான் நம்மில் பலர் அறிவோம். வடக்கே வந்தபின், ஆடி, ஆவணி மாதங்களில் காலனி வாயிலில் நிற்கும் தள்ளுவண்டியில் இருவகைப் பேரிகளைக் காண்கிறோம். ஒன்றை 'நாக்' என்கிறான் வண்டிக்காரன். மற்றொன்றைப் 'பப்புகோஷா' என்கிறான். பஞ்சாப் சமவெளியில் விளையும் 'பத்தர்நாக்' பெயருக்கேற்பக் கல்லைப்போலக் கெட்டியானது, கடித்தால் மணல் கலந்தாற்போல் நறநறக்கும், சாறும் பெருகும். பப்புகோஷாவோ மென்மையானது, இரண்டு நாள் வைத்திருந்தால் கத்தி வேண்டாமலே கரையும்.

இவை வெறும் சுவை வேறுபாடுகள் அல்ல. இரண்டும் இரு வேறு குலங்களைச் சேர்ந்தவை. நறநறக்கும் பேரி சீனா, ஜப்பான் நாடுகளின் பேரிக் குலத்தைச் சார்ந்தது. மெத்தென்று கனியும் பேரி ஐரோப்பியக் குலத்தைச் சார்ந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் தனித்தனியே வளர்ந்த இவ்விரு குலங்களும் தத்தமக்கு உரிய பகைவர்களையும் உடன் வளர்த்துக்கொண்டன. அப்பகைவர்களுள் தலையாயவை பூஞ்சணங்கள்.

மரக்கன்று வாங்கப் போகும் எவரும் நாற்றுப்பண்ணைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "நோய் தாங்கும் வகை எது?" என்பதே அது. கேள்வி எளியது. ஆயினும் அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. "எந்த நோய்? எந்த ஊரில்?" என்ற இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்டால்தான் விடை பிறக்கும். எல்லா நோய்களையும் தாங்கும் பேரி வகை உலகில் இதுவரை இல்லை. நோய் தாங்கும் திறன் என்பது மரத்துக்கு மட்டும் உரிய குணம் அன்று. ஒரு மரத்துக்கும் ஒரு பூஞ்சணத்துக்கும் இடையே அமைந்த உறவு அது. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே என் நோக்கம்.

பூஞ்சணம் எவ்வாறு நுழைகிறது?

மழைக்காலத்தில் ஊறுகாய்ச் சாடியிலும் தோல் செருப்பிலும் பூக்கும் பூசணத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் உறவினர்களே பயிர் நோய்ப் பூஞ்சணங்களும். அவற்றுக்குப் பச்சையம் இல்லை. தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலாது. பிறர் உடலில்தான் உணவு தேட வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத வித்துத்தூளாகக் காற்றிலும் மழைத்துளியிலும் பரவி, இலைமேல் விழும். இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தால் அத்தூள் முளைத்து, நுண்ணிய இழையொன்றை நீட்டி, இலையின் மேல்தோலைத் துளைக்கும். ஈரம் இல்லையேல் முளைப்பதில்லை. அதனால்தான் மழை மிகுந்த வசந்தம் தோட்டக்காரனுக்குக் கவலை தரும் பருவமாகிறது.

வித்துத்தூள் எல்லா வகை மரங்களின் மேலும் சமமாகவே விழுகிறது. காற்று வகை பார்ப்பதில்லை. முளைப்பதும் பெரும்பாலும் ஒன்றுபோலவே நிகழ்கிறது. வேறுபாடு எல்லாம் அதன்பின் நடப்பதில் இருக்கிறது. ஒரு மரத்தில் இழை மேலும் மேலும் கிளைத்துப் பரவும். மற்றொன்றில் இரண்டோர் அறைகளைத் தாண்டுமுன்னே நின்று மடியும்.

சொறி நோயை எடுத்துக்கொள்வோம். இலையிலும் காயிலும் கரும்பச்சை நிறத்தில் புகை படிந்தாற்போலத் தோன்றி, பின்னர் காயின் தோலை வெடிக்கச் செய்யும் நோய் இது. பூஞ்சணம் இலையின் மெழுகு போன்ற மேலுறைக்கும் அதன் கீழுள்ள அறைகளுக்கும் நடுவே, போர்வைக்குள் புகுந்தவன் போல மறைந்து வளரும். காய் அழுகிப் போவதில்லை; ஆனால் சந்தையில் யாரும் அதனைத் தொடுவதில்லை.

ஐரோப்பாவில் இந்நோயை உண்டாக்குவது 'வென்சூரியா பிரினா' என்னும் பூஞ்சணம். ஜப்பானிலும் சீனாவிலும் பேரிக்குச் சொறி உண்டு. நெடுங்காலம் இரண்டும் ஒன்றென்றே கருதப்பட்டன. 1964-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் தம் நாட்டுப் பூஞ்சணத்தைத் தனி இனமாகப் பிரித்து, 'வென்சூரியா நாஷிகோலா' எனப் பெயரிட்டனர். ஜப்பானிய மொழியில் 'நாஷி' என்பது பேரியைக் குறிக்கும் சொல். இவ்விரண்டின் நடத்தையைப் பாருங்கள்: ஐரோப்பியப் பூஞ்சணம் ஐரோப்பியப் பேரியைத் தாக்கும், ஜப்பானியப் பேரியில் நோயை உண்டாக்குவதில்லை. ஜப்பானியப் பூஞ்சணம் ஜப்பானிய, சீனப் பேரிகளைத் தாக்கும். ஐரோப்பியப் பேரியிடம் தோற்றுப்போகும். ஆக, ஒரு நாட்டில் 'சொறி தாங்கும் பேரி' எனப் புகழப்படும் மரமே மற்றொரு நாட்டில் சொறிக்கு முதல் பலியாகக்கூடும். மரம் மாறவில்லை, எதிரி மாறிவிட்டான்.

இருபதாம் நூற்றாண்டு என்னும் பேரி

இனி ஒரே குலத்துக்குள் வகைக்கு வகை நிகழும் வேறுபாட்டுக்கு வருவோம். இதற்கு ஜப்பானில் நடந்த வரலாறு ஒன்றே போதும்.

1888-ஆம் ஆண்டில், தோக்கியோவை அடுத்த சிபா மாநிலத்தில், இன்று மட்சுதோ நகரம் இருக்கும் பகுதியில், மட்சுதோ ககுனொசுகே என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், உறவினர் வீட்டுக் குப்பை மேட்டில் தானே முளைத்திருந்த பேரிக் கன்றொன்றைக் கண்டான். அதனைப் பெயர்த்துத் தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டு வளர்த்தான். பத்து ஆண்டுகள் கழித்து அது பழுத்தது. அதுவரை ஜப்பானியர் அறிந்த பேரிகள் பெரும்பாலும் பழுப்புத் தோலும் கடினமான சதையும் உடையவை. இதுவோ இளமஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், மறுவற்ற மெல்லிய தோலுடன், வாயில் வைத்தால் சாறு ஒழுகும் தன்மையுடன் விளங்கியது. வரவிருக்கும் காலத்தின் கனி இதுவே எனக் கருதி, 1904-ஆம் ஆண்டில் இதற்கு 'நிஜிஸ்ஸெய்க்கி' எனப் பெயரிட்டனர். அதன் பொருள் 'இருபதாம் நூற்றாண்டு'.

அதே 1904-ஆம் ஆண்டில் மேற்கு ஜப்பானின் தொத்தோரி மாநிலத்தைச் சேர்ந்த கிதவாக்கி எய்ஜி என்பவர் பத்துக் கன்றுகளை வாங்கிச் சென்று தம் நிலத்தில் நட்டார். அப்பத்தில் தொடங்கி அம்மாநிலமே நிஜிஸ்ஸெய்க்கியின் தாயகம் எனும் பெயரைப் பெற்றது. மலைச்சரிவுகள் தோறும் அம்மரமே நடப்பட்டது.

இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். பேரியின் விதையை நட்டால் தாயைப் போன்ற பிள்ளை பிறப்பதில்லை. புளிப்போ, கசப்போ, எதுவும் வரலாம். எனவே நல்ல வகையைப் பெருக்க ஒட்டுக்கட்டுதல் ஒன்றே வழி. தாய்மரத்தின் சிறு கிளையை மற்றொரு வேரின்மேல் பொருத்தி வளர்க்கிறோம். ஆதலின் தொத்தோரியின் ஆயிரமாயிரம் நிஜிஸ்ஸெய்க்கி மரங்களும் உண்மையில், குப்பை மேட்டில் முளைத்த அந்த ஒற்றை மரத்தின் கிளைகளே. அம்மரத்தின் இனிமை அனைத்திலும் இருந்தது. அதன் குறையும் அனைத்திலும் இருந்தது.

அக்குறை கரும்புள்ளி நோய். மழை நாட்களில் இளந்தளிரில் கறுத்த புள்ளிகள் தோன்றும், இலைகள் உதிரும், பிஞ்சுகளில் கருவடு விழுந்து, வெடித்து, முதிரும் முன்னே வீழும். மரங்கள் பெருகப் பெருக இந்நோயும் பெருகியது. தோட்டத்துக்குத் தோட்டம் தடையின்றிப் பரவ அதற்கு வழி திறந்திருந்தது. ஏனெனில் அண்டைத் தோட்டத்திலும் இருந்தது இதே மரம்.

உழவர்கள் சளைக்கவில்லை. மெழுகு தோய்த்த காகிதத்தால் பைகள் செய்து, மரத்திலுள்ள ஒவ்வொரு பிஞ்சுக்கும் கையால் அணிவித்தனர். முதலில் சிறிய பை. காய் பருத்தபின் பெரிய பை. ஒரு தோட்டத்தில் எத்தனை ஆயிரம் பிஞ்சுகள் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பெண்டிரும் முதியோரும் ஏணியில் நின்று இவ்வேலையைச் செய்தனர். அத்துடன் ஒரு பருவத்தில் பலமுறை மருந்து தெளிக்கவும் வேண்டியிருந்தது. கனியின் விலையில் பெரும்பகுதி இதற்கே போயிற்று.

இக்காலத்தில் 'சோஜூரோ' என்னும் மற்றொரு பேரியும் ஜப்பானில் பரவலாகப் பயிரிடப்பட்டது. கவாசாகிப் பகுதியில் 1890-களில் கண்டெடுக்கப்பட்ட வகை அது. தோல் பழுப்பு, சதை கெட்டி, தோற்றத்தில் நிஜிஸ்ஸெய்க்கிக்கு ஈடு சொல்ல இயலாது. ஆனால் கரும்புள்ளி நோய் அதனை அண்டவில்லை. இரண்டும் ஒரே குலம், ஒரே நாடு, ஒரே மழை, ஒரே பூஞ்சணம். ஒன்று அல்லற்பட்டது, மற்றொன்று அசையாமல் நின்றது. காரணம் என்ன?

ஒரு நச்சும் ஒரு மரபுக்கூறும்

இக்கேள்விக்கு விடை காணும் முதல் அடியை எடுத்து வைத்தவர் கியோத்தோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தனாகா என்னும் அறிஞர். கரும்புள்ளிப் பூஞ்சணத்தைச் சத்துநீரில் வளர்த்து, பின் பூஞ்சணத்தை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய தெளிநீரை மட்டும் பேரியின்மேல் இட்டுப் பார்த்தார். நிஜிஸ்ஸெய்க்கியில் கரும்புள்ளி விழுந்தது. நோய் தாங்கும் வகையில் ஒன்றும் நிகழவில்லை. பூஞ்சணமே இல்லாத நீர் அதன் வேலையைச் செய்தது! 1933-ஆம் ஆண்டில் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார். பூஞ்சணம் ஒருவகை நச்சைச் சுரக்கிறது என்பதும், அந்நச்சு சில வகை மரங்களை மட்டுமே தீண்டுகிறது என்பதும் இதனால் தெளிவாயின. வகை அறிந்து தாக்கும் நச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இதுவே உலகில் தொடக்கம்.

பிற்காலத்தில் அந்நச்சின் வேதியியல் அமைப்பும் அறியப்பட்டது. வித்துத்தூள் முளைக்கும்போதே இந்நச்சு வெளிப்படுகிறது. ஏற்கும் தன்மையுள்ள இலையில் அது அறைகளின் மெல்லிய உறையைச் சீர்குலைத்து, மரம் தற்காத்துக்கொள்ள எழுமுன் அதனை முடக்கிவிடுகிறது. பூஞ்சணம் தடையின்றி உட்புகுகிறது. ஏற்காத இலையில் நச்சு செயலற்றுக் கிடக்கிறது. உள்ளே நுழைய முயலும் இழை தடுக்கப்பட்டு நின்றுவிடுகிறது. இந்நச்சைச் சுரக்கும் திறனை இழந்த பூஞ்சணமோ, உதிர்ந்த சருகில் பிழைக்கும் சாதாரணப் பூசணமாகவே வாழ்கிறது. நிஜிஸ்ஸெய்க்கியையும் அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

மரங்களைக் கலப்புச் செய்து ஆராய்ந்தபோது மற்றொரு வியப்பும் வெளிப்பட்டது. நோய்க்கு ஆட்படும் தன்மை ஜீன் எனப்படும் ஒரே மரபுக்கூற்றினால் அமைகிறது; அது ஓங்கு தன்மை உடையது. அதாவது, தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அக்கூறு வந்தாலே போதும், பிள்ளை மரம் நோய்க்கு ஆளாகும். நிஜிஸ்ஸெய்க்கியிடம் அக்கூறு ஒன்று இருந்தது. சோஜூரோவிடம் இல்லை. நோய் தாங்கும் மரத்திடம் தனியாக ஒரு கேடயம் இருப்பதாகவே நாம் வழக்கமாக எண்ணுகிறோம். இங்கே சோஜூரோவிடம் கூடுதலாக எதுவும் இல்லை. பகைவனின் சாவி நுழையக்கூடிய பூட்டு அதன் கதவில் இல்லை, அவ்வளவே.

இவ்வுண்மை ஒரு நம்பிக்கையைத் தந்தது. வலிமையைப் புதிதாகச் சேர்ப்பது கடினம். ஆனால் ஒரே ஒரு மரபுக்கூறு தன் வேலையை இழந்தால் போதுமெனில், அது நிகழக்கூடியதே. நிஜிஸ்ஸெய்க்கியின் சுவையும் நிறமும் அப்படியே இருக்க, அக்கூறு மட்டும் கெட்டுப்போன கிளையொன்று எங்கேனும் தோன்றுமா?

1960-ஆம் ஆண்டில் ஜப்பானின் இபராக்கி மாநிலத்தில் கதிரியக்கப் பயிர்ப்பெருக்க நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. நூறு மீட்டர் ஆரமுள்ள வட்ட வயல். அதன் நடுவே ஒரு கம்பத்தில் கோபால்ட்-60. அதிலிருந்து வெளிப்பட்ட காமா கதிர்கள் சுற்றிலும் இருந்த பயிர்கள்மேல் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பட்டன. 1962-ஆம் ஆண்டில் நிஜிஸ்ஸெய்க்கி மரங்கள் அங்கே நடப்பட்டன. ஆண்டுகள் சென்றன. 1981-ஆம் ஆண்டில், புள்ளி விழுந்த இலைகளுக்கு நடுவே, புள்ளியற்று நின்ற கிளையொன்று ஆராய்ச்சியாளரின் கண்ணில் பட்டது. பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பின் பயன் ஒரு கிளை!

அக்கிளையை ஒட்டுக்கட்டி, பெருக்கி, சோதித்து, 'கோல்டு நிஜிஸ்ஸெய்க்கி' என்னும் பெயரில் 1990-களின் தொடக்கத்தில் உழவர்களுக்கு வழங்கினர். கதிர்பட்ட மரத்தின் பழத்தை உண்ணலாமா என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். கதிர் பட்டது முன்னோர் மரத்தின் மொட்டில். தோட்டத்தில் வளரும் மரத்திலோ அதன் கனியிலோ கதிரியக்கம் எதுவும் இல்லை.

தீர்ந்ததா சிக்கல்?

கதை இங்கே முடிந்திருந்தால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் இயற்கை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

முதலாவது, கோல்டு நிஜிஸ்ஸெய்க்கியின் தாங்கும் திறன் நடுத்தரமானது; சோஜூரோவின் அளவுக்கு உயர்ந்ததன்று. மருந்துத் தெளிப்பு வெகுவாகக் குறைந்தது; ஆனால் முற்றிலும் நின்றுவிடவில்லை.

இரண்டாவது, அது தாங்குவது கரும்புள்ளி நோய் ஒன்றையே. சொறி நோய்க்கு அந்த மரபுக்கூற்றின் இழப்பு எவ்வகையிலும் தடையாகாது. ஜப்பானில் 1959-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட 'கோசுயி', 1972-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட 'ஹோசுயி' ஆகிய இரு வகைகள் இன்று அந்நாட்டுத் தோட்டங்களில் முதன்மை பெற்றுள்ளன. கரும்புள்ளி நோய் இவ்விரண்டையும் அண்டுவதில்லை. இனிமையிலும் குறைவில்லை. ஆனால் சொறி நோய் இவற்றை எளிதில் பற்றுகிறது. ஒரு வாயிலை அடைத்தவன் மறு வாயிலைத் திறந்து வைத்தது போலாயிற்று. சொறிக்கு மாற்று எங்கே கிடைத்தது தெரியுமா? 'கின்சாக்கு' என்னும் பழைய நாட்டு வகையில். சந்தையில் விலைபோகாத அவ்வகை, சொறியை மிக உறுதியாகத் தாங்கும் மரபுக்கூறு ஒன்றை உடையது என்பது கண்டறியப்பட்டது. புதிய வகைகளை உருவாக்குவோர் இன்று அதன் வாயிலில் நிற்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் இதே நிலைதான். 1885-இல் இங்கிலாந்தில் நடந்த பேரி மாநாட்டின் நினைவாகப் பெயர் பெற்ற 'கான்ஃபரன்ஸ்' வகையும், இத்தாலியின் எமிலியா-ரோமான்யாப் பகுதியில் பெரிதும் விரும்பப்படும் 'அபாத்தே ஃபெத்தேல்' வகையும், 1970-களின் நடுவிலிருந்து பழுப்புப்புள்ளி என்னும் வேறொரு பூஞ்சண நோயால் அவதியுறுகின்றன. அதே தோட்டத்தில் நிற்கும் 'வில்லியம்ஸ்' அந்நோயைத் தாங்குகிறது. அமெரிக்காவில் 'பார்ட்லெட்' எனப்படுவதும் இதுவே. அப்படியாயின் வில்லியம்ஸே சிறந்தது எனலாமா? இயலாது. ஐரோப்பியச் சொறிக்கு அது இரையாகும். பூஞ்சணமன்றிப் பாக்டீரியாவால் வரும் தீக்கருகல் நோய்க்கோ மிக எளிதில் ஆட்படும்.

வகையைத் தேர்ந்தால் மட்டும் போதாத நோயும் ஒன்று உண்டு. பேரியின் இலையில் செம்மஞ்சள் திட்டுகளை உண்டாக்கும் துரு நோய் அது. இதன் பூஞ்சணம் ஓராண்டு வாழ்வை முடிக்க இரு வீடுகள் வேண்டும்: வசந்தத்தில் பேரி மரம், குளிர்காலத்தில் ஜூனிப்பர் என்னும் ஊசியிலை மரம். ஆதலின் ஜப்பானில் பேரி விளையும் சில ஊர்களில், தோட்டங்களின் அருகே அலங்கார ஜூனிப்பர் நடக்கூடாதென்று ஊராட்சியே விதி செய்துள்ளது. ஒருவர் வீட்டு வாயிலின் அழகு, பக்கத்து வீட்டாரின் பிழைப்பைக் கெடுக்கலாகாது என்பது அவ்விதியின் கருத்து. காலனியில் கூடி வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு ஒரு பாடம்

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள். நமக்கு இவற்றால் என்ன என்று கேட்பீர்களாயின், பேரியின் நெருங்கிய உறவான ஆப்பிளைக் காட்டுவேன். காஷ்மீரில் 1973-ஆம் ஆண்டில் ஆப்பிள் சொறி நோய் பெருவாரியாகப் பரவியது. இமாசலப் பிரதேசத்தில் 1977-ஆம் ஆண்டில் தலைகாட்டிய அந்நோய், 1983-இல் பெருங்கொள்ளையாக மாறியது. அங்கே மலைச்சரிவுகளை நிரப்பியிருந்தவை பெரும்பாலும் 'டெலிஷியஸ்' குடும்பத்து ஆப்பிள்கள். நிறத்தில் சிவப்பு, விலையில் உயர்வு, சொறியைத் தாங்குவதில் தாழ்வு. ஒரே குறையுடைய மரங்கள் மலை முழுதும் நின்றால், நோய்க்கு ஓரிடத்தில் கிடைத்த வெற்றி எல்லா இடத்திலும் கிடைத்துவிடும். தொத்தோரியில் பேரிக்கு நேர்ந்ததும் இமாசலத்தில் ஆப்பிளுக்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே.

ஆதலின் நான் வலியுறுத்த விரும்புபவை மூன்று.

மலைப்பகுதியில் நிலம் வாங்கியிருக்கும் அன்பர்களும், வாங்க எண்ணுவோரும் இங்கே இருக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்வேன்: ஒரே வகையை மட்டும் நடாதீர்கள். பேரி வகைகளுள் பெரும்பாலானவை காய்ப்பதற்கே மற்றொரு வகையின் மகரந்தம் வேண்டும்; ஆகவே இரண்டு மூன்று வகைகளை நடுவது விளைச்சலுக்கும் நன்று, காப்புக்கும் நன்று. அவ்வட்டாரத்தில் எந்தப் பூஞ்சணம் மிகுதி என்பதை அருகிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டறிந்த பின்னரே கன்று வாங்குங்கள். உதிர்ந்த இலைகளை மரத்தடியில் விட்டு வைக்காதீர்கள். சொறிப் பூஞ்சணம் குளிர்காலத்தைக் கழிப்பது அச்சருகுகளில்தான்.

இரண்டாவது, பழைய மரங்களைப் பழித்து வெட்ட வேண்டா. கின்சாக்குவை யாரேனும் ஒருவர் விட்டு வைத்திருந்தமையால்தான் இன்று அதன் மரபுக்கூறு கையில் இருக்கிறது. நம் இமயச் சாரலிலும் 'கைந்த்' எனவும் 'மேகல்' எனவும் மக்கள் அழைக்கும் காட்டுப்பேரி, மருந்து தெளிப்பார் இன்றியே தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. அதன் கனி சிறியது, துவர்ப்பது. ஆயினும் பயிரிடும் பேரிகளை ஒட்டுக்கட்ட வேராக உதவுவது அதுவே. எது எந்நாளில் தேவைப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலாது. அழிந்த வகையைத் திரும்பப் பெறவும் இயலாது.

மூன்றாவது, மரமே நடாத நமக்கும் ஒரு பங்கு உண்டு. தொத்தோரி உழவன் ஒவ்வொரு பிஞ்சுக்கும் இருமுறை பை அணிவித்தது யாருக்காக? மறுவற்ற தோலைக் கேட்ட வாங்குவோருக்காக. நாம் தள்ளுவண்டியின் முன் நின்று, சிறு புள்ளியுள்ள பழத்தை ஒதுக்கி, பளபளக்கும் பழத்தையே பொறுக்குகிறோம். நம் விரல் எதனைத் தேடுகிறதோ அதுவே அடுத்த ஆண்டு மலையில் நடப்படுகிறது. அதனைக் காக்கவே மருந்தும் தெளிக்கப்படுகிறது. சொறியின் சிறு தழும்பு உள்ள பேரியைத் தோல் சீவி உண்பதால் கேடில்லை. பழுப்புத் தோலுடைய பேரியின் இனிமை மஞ்சள் தோலுடையதற்குத் தாழ்ந்ததன்று. நாம் இரண்டு மூன்று வகைகளையும் விரும்பி வாங்கினால், மலையில் இரண்டு மூன்று வகைகள் நிற்கும். அங்கே இரண்டு மூன்று வகைகள் நின்றால், ஒரு மழைக்காலத்தில் எல்லாம் ஒருசேர வீழ்ந்து ஒரு குடும்பம் கடனில் மூழ்கும் நிலை தவிர்க்கப்படும்.

'நோய் தாங்கும் வகை எது?' என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஒன்று தாங்காததை மற்றொன்று தாங்கும். ஆதலின் பலவும் சேர்ந்து நிற்கும் தோட்டமே நோயைத் தாங்கும் தோட்டம்.